பாபினில் விழும் ரிப்பன்

மூன்று நாளாக ஒரே தலைவலி. எங்கள் நூல் சுற்றும் மெஷினில் இருந்து வரும் பாபின், அதாவது நூல் சுற்றிய உருளை, பார்க்க அழகாக இருக்கும். அடுத்த மெஷினில் பிரியும்போது பாதியில் கொத்தாக உருவி அறுந்துவிடும். நூலின் டென்ஷனை (இழுவிசையை) கூட்டினேன், குறைத்தேன், நூலை அழுத்திப் பிடிக்கும் வாஷரைத் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் ஒரு பாபினை மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஓரிடத்தில் நூல் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, விரலில் வரப்பு மாதிரி தட்டுப்பட்டது. இதைத்தான் ரிப்பன் என்பார்கள்!

கணக்கு எளிதுதான். பாபினைத் தொட்டுச் சுழற்றும் டிரம்மின் விட்டம் 80 மி.மீ. நூல் பாபினின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒருமுறை போய்த் திரும்ப டிரம் 4 சுற்று சுற்றும். நூல் ஏறி ஏறி பாபினும் 80 மி.மீ. ஆகும்போது அதுவும் சரியாக 4 சுற்று. 160-ல் 2. முழு எண் வந்தாலே நூல் பழைய தடத்திலேயே போய் விழும்.

இதைத் தடுக்கத்தான் டிரம் வேகத்தை விட்டுவிட்டுக் கூட்டிக் குறைப்பார்கள். பாபின் லேசாக வழுக்கித் தடம் மாறும். எங்கள் மெஷினில் அந்த வசதியை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். புண்ணியவான். சத்தம் பிடிக்கவில்லையோ என்னவோ!

நேற்று போட்டுவிட்டேன். இன்று பிரித்த பாபின்களில் வரப்பு இல்லை. அடுத்து, அறுந்த நூலை இணைக்கும் ஸ்பிளைசர் பக்கம் போக வேண்டும், அது தனிக் கதை.