கவுன்டரில் 'சும்மா' செல்லாது: மட்டக்களப்பிலிருந்து குடிவரவு மேசை வரை

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வான் பெரும்பாலும் இரவில்தான் வெளிக்கிடும். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏழு மணித்தியாலம் அளவு ஓட்டம். அம்பாறைப் பக்கத்தார் சிலர் மகா ஓயா, மஹியங்கனை, கண்டி என்று சுற்றுவார்கள். வானுக்குள் பேச்செல்லாம் சூட்கேஸின் நிறையைப் பற்றித்தான்: முப்பது கிலோவுக்கு மேலே போயிற்றோ, தூள் போத்தல் கசியுமோ. இறங்கும் நாட்டில் குடிவரவு அதிகாரி கேட்கப்போகும் எட்டுப் பத்துக் கேள்விகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஹபரணையில் தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அந்தப் பேச்சைத் தொடங்கலாம். அதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது.

விசா கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்பது தப்பான எண்ணம். விசா உங்களைப் படலை வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே விடுவதா, எத்தனை நாளைக்கு விடுவதா என்பதை மேசையில் இருப்பவர் தீர்மானிப்பார். அவருக்கு உங்கள் இங்கிலிஷைச் சோதிக்க நேரமில்லை. விசாவுக்கு நீங்கள் கொடுத்த விவரம் பல நாடுகளில் அவருடைய திரையிலேயே இருக்கும். அது ஒரு பக்கம். உங்கள் வாய், கையில் இருக்கும் கடதாசி, பை, போன் எல்லாம் மறுபக்கம். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்ப்பார்.

இங்கேதான் முதல் ஓட்டை. விண்ணப்பத்தை நிரப்பியவர் ஏஜென்ட், அல்லது கனடாவில் இருக்கும் மகன், அல்லது டவுனில் கொமியுனிகேஷன் கடைத் தம்பி. பயணம் போகிறவர் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார். ஆகவே, புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னராவது விண்ணப்பத்தின் பிரதியை வாங்கி, ஒருவரைக் கொண்டு தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொழில் என்ன என்று போட்டிருக்கிறது, மாத வருமானம் எவ்வளவு, செலவை ஏற்பவர் யார், எத்தனை நாள் தங்குவதாகச் சொல்லியிருக்கிறது, முன்னர் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு எந்தப் பெட்டியில் குறி விழுந்திருக்கிறது. கடைசிக் கேள்விதான் ஆளை விழுத்துவது. மறுப்பை மறைத்தால் 'வேலை சுகம்' என்று ஏஜென்ட் 'இல்லை' போட்டுவிடுவார். கைரேகை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொய்த் தகவலுக்குக் கனடா 5 ஆண்டுத் தடை விதிக்கும். பிரித்தானியாவில் அது 10 ஆண்டு வரை போகும். பிழை கண்டால் பயணத்துக்கு முன்னரே எழுதித் திருத்துங்கள். மேசையில் நின்று "அது ஏஜென்ட் செய்தது" என்றால் எடுபடாது.

அடுத்தது பெயர். எங்கள் ஆட்களில் தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. கடவுச்சீட்டின் 'சர்நேம்' கட்டத்தில் எது விழுந்திருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு, சில வேளை ஒரே வீட்டில் ஆளுக்கு ஆள் வேறு. தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மருமகனுக்கு வேறொன்று. "இவர் உங்கள் மகள் என்றால் ஏன் சர்நேம் வேறு?" என்ற கேள்வி வந்தே தீரும். "எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான்" என்பதை 'நோ ஃபமிலி நேம், ஃபாதர்ஸ் நேம்' என்று நாலு சொல்லில் சொல்லப் பழகுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கையில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வேறொரு தொல்லை: மொஹமட் என்ற ஒரே பெயருக்கு மூன்று நான்கு ஆங்கில எழுத்துக்கூட்டல்கள். டிக்கெட்டில் ஒன்று, பாஸ்போட்டில் ஒன்று என்றால் குடிவரவு மேசைக்குப் போகுமுன் விமான நிறுவனக் கவுன்டரிலேயே நிற்க வேண்டிவரும். பாஸ்போட்டின் படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு நீள வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு, இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் வருவது சர்நேம், பின்னால் வருவது மற்றப் பெயர்கள். டிக்கெட் அந்த வரியோடு ஒத்திருக்க வேண்டும்.

உறவுமுறைதான் எங்களைக் கூடுதலாக மாட்டிவிடுவது. பெரியப்பாவின் மகன் எங்களுக்கு அண்ணன், அதிகாரிக்கு 'கசின்'. மச்சான் என்றால் மாமா மகனாகவும் இருக்கலாம், மனைவியின் தம்பியாகவும் இருக்கலாம், தங்கச்சியின் புருஷனாகவும் இருக்கலாம். மாமா என்ற சொல் தாயின் தம்பியையும் குறிக்கும், மனைவியின் தகப்பனையும் குறிக்கும். விண்ணப்பத்தில் 'பிரதர்' என்று எழுதிவிட்டு, தாய் தகப்பன் பெயரைக் கேட்டதும் வேறு வேறாகச் சொன்னால் அங்கே ஒரு பொய் பிறந்துவிடுகிறது. சொன்னவருக்கு அது பொய் என்றே தெரியாது. வீட்டிலேயே ஒரு துண்டில் எழுதுங்கள்: நான், என் தகப்பன், அவர் அண்ணன், அவர் மகன். அந்த வழியை அப்படியே சொன்னால் போதும். 'அங்கிள்', 'கசின்' போன்ற சொற்களைப் பிறகு தேடலாம்.

வீடும் அப்படித்தான். எங்கள் பகுதியில் தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கத்திலும் வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே, நாற்பது வருடம் உழைத்துக் கட்டிய தகப்பனின் பெயரில் உறுதி இல்லை, மகள் பெயரில்தான். ஆரையம்பதியில் கலியாணம் செய்து குடியிருப்பவரின் அடையாள அட்டையில் களுவாஞ்சிகுடி விலாசம் கிடக்கும். "சொந்த வீடு இருக்கிறதா?" என்று கேட்டால் ஆம் என்று சொல்லித் தப்பப் பார்க்காதீர்கள். "வீடு மகளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, நானும் மனைவியும் அங்கேதான் இருக்கிறோம்" என்ற உண்மையே நல்ல பதில். வயல், பென்சன், இன்னும் படிக்கும் பிள்ளை, இவைதான் திரும்பி வருவதற்கான உங்கள் சாட்சி. அரச ஊழியர், குறிப்பாக ஆசிரியர்கள், நாட்டுக்கு வெளியே விடுமுறை எடுக்கப் பொது 126 படிவத்தில் பெற்ற அனுமதியின் பிரதியைக் கொண்டுபோகலாம். வங்கிக் கூற்றைவிடக் கனமான கடதாசி அது.

ஊர்ப் பெயரையும் ஒருக்கால் சொல்லிப் பாருங்கள். பாஸ்போட்டில் 'பட்டிக்கலோவா' என்று இருக்கும். வாயில் 'மட்டக்களப்பு' என்று வரும். அதிகாரி இரண்டையும் இரண்டு ஊர் என்றுதான் நினைப்பார்.

இனி கேள்விகள். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், அவர் உங்களுக்கு யார், அவர் என்ன வேலை, நீங்கள் என்ன வேலை, செலவு யார், எப்போது திரும்புவீர்கள், முன்னர் எங்கே போயிருக்கிறீர்கள். இவற்றை மனப்பாடம் செய்யக் கூடாது. கேள்வி வரிசை மாறினால் மனப்பாடம் கவிழ்ந்துவிடும். வானுக்குள் பேரனைக் கொண்டு கடைசியிலிருந்து முன்னுக்கும், நடுவிலிருந்து குறுக்காலும் கேட்கச் செய்யுங்கள்.

"எதற்கு வந்தீர்கள்?" என்பதற்கு எங்கள் இயல்பான பதில் "சும்மா". மொழிபெயர்ப்பாளர் அதை 'காரணமில்லை' என்று சொன்னால் காரியம் கெட்டது. மகளைப் பார்க்க, கலியாண வீட்டுக்கு, கோயில் பார்க்க என்று ஒன்றைச் சொல்லுங்கள். "எத்தனை நாள்?" என்றால் "ஆறு மாச விசா இருக்கு" என்று சொல்வதும் பிழை. டிக்கெட்டில் இருக்கும் நாளைச் சொல்லுங்கள்: "ட்வென்டி எய்ட் டேய்ஸ்". விளங்காத கேள்விக்கு மரியாதைக்காக 'யெஸ்' சொல்வது எல்லாவற்றிலும் ஆபத்து. 'வேலை செய்ய வந்தீர்களா' என்பதற்கும் அந்த 'யெஸ்' போய்விடும். கூடவே தலையாட்டல். நாங்கள் ஆமென்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். அவர் அதை இல்லை என்று வாசிப்பார். தலையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள். விளங்காவிட்டால் 'தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்' என்று கேட்பதில் வெட்கமில்லை. பெரிய விமான நிலையங்களில் போன் வழியாக ஆள் பிடித்துத் தருவார்கள்.

மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் அம்மாமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அது தாயின் கடமை. அதிகாரியின் காதில் 'டு லுக் ஆஃப்டர் த பேபி' என்று விழுந்தால் சம்பளமில்லாத பிள்ளைப் பராமரிப்பு வேலையாகத் தோன்றலாம். பிரித்தானியாவின் பார்வையாளர் விதி, குடும்பத்துப் பிள்ளையைக் குறுகிய காலம் கவனிப்பதைத் தடுக்கவில்லை. அது வேலையாக மாறக்கூடாது. வேறு சில நாடுகளில் இதைக் கடுமையாகவே பார்ப்பார்கள். அதற்காகக் குழந்தையை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் மகளுக்குப் போன் போட்டதும் வெளியே வந்துவிடும். "மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது, அவளோட இருக்க வந்தனான், இந்தத் திகதியில திரும்பிப் போறன், பிறகு பிள்ளையை அவளும் புருஷனும்தான் பார்ப்பினம்." இதில் பொய்யும் இல்லை, வேலையும் இல்லை. பிரசவத் திகதி, மகளின் வதிவிட நிலை (குடியுரிமையா, நிரந்தர வதிவிடமா), மருமகனின் வேலை, இந்த மூன்றும் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடதாசிகளைக் கைப்பையில் வையுங்கள். சூட்கேஸ் வரும் பெல்ட், குடிவரவு மேசைக்கு அப்பால்தான் இருக்கிறது. உள்ளே வைத்துப் பூட்டிய அழைப்புக் கடிதத்தால் பயனில்லை. ஒரு 'ஏ4' கண்ணாடி உறை போதும். திரும்பும் டிக்கெட், அழைப்புக் கடிதம், தங்குமிட விலாசம் அஞ்சல் குறியீட்டோடு, நாட்டுக் குறியீடு சேர்த்த போன் நம்பர், மூன்று மாத வங்கிக் கூற்று, காப்புறுதி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா என்றால் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அச்சில் எடுங்கள். போனில் இருக்கிறதென்று போனால், சார்ஜ் இறங்கியிருக்கும். எயார்போட் வைஃபைக்கு வேண்டிய இரகசிய இலக்கம் வேலை செய்யாத டயலொக் சிம்முக்கு வராது. பாஸ்போட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருக்கட்டும்.

கொண்டு போகக் கூடாததும் உண்டு. பார்வையாளர் விசாவில் போகிறவரின் பையில் ஓ.எல்., ஏ.எல். மூலச் சான்றிதழும் தொழில் அனுபவக் கடிதமும் இருந்தால், வாய் என்ன சொன்னாலும் பை வேலை தேடி வந்ததாகச் சொல்லும். போனும் அப்படி. "வந்திறங்கு, கடையில வேலை ரெடி" என்று மச்சான் விட்ட வொயிஸ் மெசேஜைச் சில நாடுகளில் கேட்பார்கள். வளைகுடாவுக்குச் சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகும் வழியைத் தவிர்ப்பது நல்லது. வேலைக்கென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போங்கள். பதியாமல் போனால் கட்டுநாயக்கவிலேயே நிறுத்தலாம். தாண்டிப் போய் அங்கே சம்பளம் கிடைக்காவிட்டால் பிடித்துக்கேட்க ஒரு துரும்பும் இருக்காது.

நாட்டுக்கு நாடு சின்ன வேறுபாடுகள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் இப்போது இணைய வருகை அட்டை. இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசின் தளமல்ல. இந்தியாவுக்கு ஈ-விசாவில் போகிறவர்கள், படிவத்தில் எழுதிய இந்திய விலாசத்தையே மேசையிலும் சொல்லுங்கள். சென்னை, திருச்சிக்கு வைத்தியத்துக்கென்றால் மருத்துவ விசா தனியாக இருக்கிறது, கூடப் போகிறவருக்கும் தனி விசா. ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். 2025 ஒக்டோபர் 12 முதல் முகப்படத்தோடு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கணினியில் பதியும் முறை தொடங்கியிருப்பதால் நாள் கணக்கில் கண்கட்டு நடக்காது.

சிலரைப் பக்கத்து அறைக்குக் கூப்பிடுவார்கள். அது கைது அல்ல. கேள்வி நீளப்போகிறது, அவ்வளவுதான். சாப்பாடு, மருந்து கையில் இருக்கட்டும். அழைத்தவரின் போன் திறந்திருக்கட்டும். அவரிடமும் இதே கேள்விகளைக் கேட்பார்கள், ஆகவே எத்தனை நாள், எந்த அறை, செலவு யார் என்பதை முதலே பேசி வையுங்கள். விளங்காத கடதாசியில் கையெழுத்து வேண்டாம். உள்ளே விட மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஷெங்கன் எல்லையில் அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது.

முத்திரை விழுந்ததும் அந்த இடத்திலேயே திகதியைப் பாருங்கள். கனடாவில் அதிகாரி வேறு நாள் எழுதாவிட்டால் இறங்கிய நாளிலிருந்து ஆறு மாதம். சிங்கப்பூரில் முத்திரையே இல்லை, தங்கும் நாள் ஈமெயிலில் வரும். அம்மாவின் அட்டையில் மருமகனின் ஈமெயிலைப் போட்டிருந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாகப் பை. "இதை நீங்களே அடுக்கினீர்களா?" என்ற கேள்விக்கு உண்மையாக ஆம் என்று சொல்ல வேண்டுமென்றால், பக்கத்து வீட்டு அக்கா ஒட்டித் தந்த பார்சலை வீட்டிலேயே பிரித்துப் பாருங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்துக்குக் கசகசாவும் வெற்றிலையும் கொண்டுபோகக் கூடாது. கோடீன் உள்ள இருமல் பாணியும் முன் அனுமதி இல்லாமல் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இறைச்சி, பால் பொருட்கள் தடை, ஆகவே எங்கள் எருமைத் தயிருக்கு அங்கே வழியில்லை. மீன் 20 கிலோ வரை, தேன் 2 கிலோ வரை விடுவார்கள். பேற்றுக்கு இடிக்கும் சரக்குத் தூளைப் பெயரில்லாத பொலித்தீன் பையில் கட்டாமல், கடைப் பற்றுச்சீட்டோடு, என்னென்ன சேர்ந்தது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் வருகை அட்டையில் உணவுக் கேள்விகளுக்கு 'யெஸ்' போடுங்கள். கருவாடு, மாசி, தூள், முருங்கையிலை, எல்லாம் உணவுதான். சொல்லிக் காட்டியதை விடாவிட்டால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அதோடு சரி. சொல்லாமல் நாய் மணந்து பிடித்தால் அந்த இடத்திலேயே தண்டப்பணம். அந்தக் காசுக்குக் கல்முனைச் சந்தையில் ஒரு மூடை கருவாடு வாங்கியிருக்கலாம்.