ஒரு காளை, பத்தொன்பது துண்டுகள்

விளையாட்டு மன்றத்தார் வெண்கலக் காளைச் சிலை கேட்டு வந்ததும் முதலில் கேட்டது எடையைத்தான். சாமி விக்கிரகம் உள்ளே பொள்ளல் இல்லாமல் கெட்டியாக வார்ப்பது, அதனால் மெழுகை நிறுத்தாலே கணக்கு வந்துவிடும். காளை அப்படியல்ல, உள்ளே பொள்ளல். அதற்குத் தோல் பரப்பை அளக்க வேண்டும். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. தடிமனுக்கு 8.5 கிலோ உலோகம். காங்கேயம் காளையை ஒன்றேகால் மடங்காக்கி, தோள் உயரம் 175 செ.மீ. என்று வைத்தோம். தோல் சுமார் 7.5 ச.மீ. வந்தது, 6 மி.மீ. தடிமனுக்கு 380 கிலோ. உலோகம் ஓடும் வாய்க்கால், காற்று வெளியேறும் குழல், கழிவு எல்லாம் சேர்த்து 550 கிலோ வாங்கினோம். மிச்சம் அடுத்த உருக்கில் சேர்ந்துவிடும். செம்பு விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், உலோகத்துக்கு வாங்கும் நாளின் விலை, வேலைக்குத் தனிக் கூலி என்று எழுதிக்கொள்வதே இரு பக்கத்துக்கும் நல்லது.

மண் உருவை 180 செ.மீ. உயரத்தில் செய்தோம். மெழுகும் உலோகமும் ஆறும்போது சேர்ந்து 2 முதல் 3 விழுக்காடு சுருங்கும். உள்ளே இரும்புக் கம்பிக் கூடு, அதன்மேல் சாக்கு சுற்றிக் களிமண். பீடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் ஏற்றி, கீழே நின்று பார்த்துத்தான் தலையை முடிவு செய்ய வேண்டும். தரையில் சரியாகத் தெரிந்த தலை, 4 அடி மேலே போனதும் சிறுத்துவிட்டது. கொம்பையும் நெற்றியையும் கொஞ்சம் முன்னால் சாய்த்தோம். மன்றத்தார் வந்து பார்த்தபோது ஒரு பெரியவர் மூக்கணாங்கயிற்றைக் காட்டி, "வாடிவாசல்ல இருந்து பாயுற மாட்டுக்கு ஏது தம்பி கயிறு? உள்ளயே அறுத்துருவாங்கல்ல?" என்றார். சரிதான். மண்ணில் இருக்கும்போது அதை எடுக்க பத்து நிமிடம். உலோகத்தில் என்றால் இரண்டு நாள். மண் உருவில் கையெழுத்து வாங்காமல் அச்சுக்குப் போகவே கூடாது.

மண் உருவின்மேல் சிலிகோன் ரப்பர் அச்சும் அதற்கு வெளியே ஃபைபர் கூடும் எடுத்து, அதற்குள் சிலையின் தடிமனுக்கு மெழுகுத் தோல் எடுத்து, அதை 19 துண்டாக்கினோம். இந்த மெழுகை உருக்கி ஓடவிட்ட இடத்தில்தான் பின்னால் உலோகம் போய் நிற்கும். எங்கே வெட்டுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அகலமான விலாவின் நடுவில் வெட்டினால் இரண்டு துண்டும் வேறுவேறு விதமாக வளையும். சேர்க்கும்போது 4, 5 மி.மீ. ஏற்ற இறக்கம் நிற்கும். அலைதாடியின் மடிப்பு, முன்னங்கால் இடுக்கு, திமிலின் அடி என்று வளைவும் மடிப்பும் உள்ள இடத்தில் வெட்டினால் துண்டு கோணாது, ஒட்டும் மறையும்.

மெழுகுத் தோலுக்கு உள்ளே, பொள்ளலை நிரப்பும் கரு மண்: வண்டல், மணல், உமிச் சாம்பல். வெளியே முதல் பூச்சு, அரைத்துச் சலித்த வண்டல் 3 மி.மீ.; முடிக்கோடுகூடப் பதிவது இந்தப் பூச்சில்தான். அது நிழலில் காய்ந்த பிறகு, மணல் கலந்த களிமண் இரண்டு பூச்சு, கம்பிக் கட்டு. வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி மேலே மண் வெடிக்கும். மெழுகு ஓடிய பிறகு கருவைத் தாங்குவது, மெழுகைத் துளைத்து வெளி மண்ணுக்கும் கருவுக்கும் குறுக்கே அடித்த ஆணிகள் மட்டுமே. முதல் விலாத் துண்டுக்கு ஆணிகளை 25 செ.மீ. இடைவெளியில் வைத்தோம். வார்த்த பின் அச்சை உடைத்துப் பார்த்தால் உலோகம் ஒரு பக்கம் 11 மி.மீ., மறுபக்கம் ஓட்டை. கரு நகர்ந்துவிட்டது. அடுத்த துண்டிலிருந்து 10 செ.மீ.க்கு ஓர் ஆணி, அதுவும் துருப்பிடிக்காத எஃகில். இரும்பு ஆணி உள்ளேயே தங்கிவிட்டால் பின்னால் துருக்கறை விடும்.

உலோகம் சிலிக்கான் வெண்கலம்: செம்பு 95, சிலிக்கான் 4, மாங்கனீசு 1. வெள்ளீயம் இல்லாததை வெண்கலம் என்பதே பேருக்குத்தான். ஆனால் துண்டுகளைச் சேர்க்க இது நல்லது. ஈயம் 5 விழுக்காடு உள்ள கலவையில் பற்றவைத்தால் ஒட்டில் குமிழியும் விரிசலும் வரும். அந்தப் புகை உடம்புக்கும் கேடு. பழைய பித்தளையைக் கலந்து செலவைக் குறைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். உலையில் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்விடும், கலவை கைக்கு அடங்காது.

வறட்டி மூட்டி மெழுகை ஓடவிட்ட பின்பும் அச்சைச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் கரும்புகை வருகிறவரை உள்ளே மெழுகு பாக்கி. ஈரம் பாக்கி இருந்தால் அதைவிட மோசம், உலோகம் திரும்பி முகத்தில் தெறிக்கும். சுட்ட அச்சைச் சூடு ஆறுமுன் பள்ளத்தில் நிறுத்தி, மண் இடித்து, சுமார் 1,150 டிகிரியில் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். நடுவில் ஒரு நொடி கை நின்றாலும் அந்த இடத்தில் கோடு விழும்; பார்க்க ஒட்டியதுபோல இருக்கும், தட்டினால் பிளக்கும்.

கருவைச் சுரண்டி எடுப்பது சலிப்பான வேலை, அதனால் பலர் பாதியில் விடுகிறார்கள். மிஞ்சிய மண் மழை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வருடத்தில் ஊசித்துளைகள் வழியே பச்சையாகக் கசியும். துண்டுகளை ஆர்கான் வாயுவில் டிக் வெல்டிங் (மின்பொறியால் பற்றவைப்பது) செய்தோம். ஒட்டில் உருக்கி நிரப்பும் கம்பியும் அதே கலவையில் இருக்க வேண்டும். வேறு கம்பி போட்டால் நிறம் ஏற்றியதும் ஒட்டு தனிக் கோடாகத் தெரியும்.

பாய்கிற காளை என்பதால் தரையில் மூன்று குளம்புதான். அந்த மூன்று கால்களுக்குள்ளும் துருப்பிடிக்காத 316 ரக எஃகுக் குழாய், குளம்புக்குக் கீழே 40 செ.மீ. நீட்டி, கான்கிரீட்டுக்குள். மேலே முதுகு வரை அதே எஃகில் சட்டம். படம் எடுக்க இரண்டு பேராவது ஏறி உட்காருவார்கள், திமிலை இன்னும் பத்துப் பேர் தொங்கிப் பிடிப்பார்கள். அதையும் சேர்த்துத்தான் கணக்கு. சாதா இரும்பு கூடாது. மழைநீரில் செம்புக் கலவையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு வேகமாகத் துருப்பிடித்து, உப்பி, காலையே பிளந்துவிடும். வயிற்றுத் துண்டைக் கடைசியில் மூடினோம். அதன் மிகத் தாழ்ந்த இடத்திலும், தரையில் நிற்கும் ஒவ்வொரு குளம்பின் பின்புறமும் 10 மி.மீ. வடிகால் துளை.

நிறத்துக்கு, காற்றுவிளக்கால் சூடாக்கிய உடம்பில் பெரிக் நைட்ரேட் கரைசலைத் தூரிகையால் ஏற்றினால் பழுப்பு வரும். காங்கேயம் காளைக்குத் திமிலும் பின்புறமும் கருக்க வேண்டும். அங்கே மட்டும் பொட்டாசியம் சல்பைடு. சூடு இருக்கும்போதே தேன்மெழுகு பூசித் துணியால் தேய்த்தோம்.

ஒப்படைக்கும்போது காவலாளியிடம் ஒன்றைத் தனியாகச் சொன்னோம்: குத்துவிளக்குபோலப் புளி போட்டுத் துலக்கக் கூடாது, பாலிஷும் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் மெழுகு. மாட்டுப் பொங்கலன்று மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. மறுநாளே கழுவிவிட்டால் போதும்.