பாட்டிலிலிருந்து இறங்கிய மணி பிளான்ட்

ஜூன் 8, ஞாயிறு

ஃப்ரிட்ஜ் மேல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஆறு வருஷமாகக் குடித்தனம் நடத்தும் மணி பிளான்ட்டுக்கு இன்றுதான் விடிவு. கீழே தொங்கத் தொங்க இலை சிறுத்துக்கொண்டே போகிறது. பெரியதாகப் பார்த்து ஒன்றை அளந்தேன், 8 செ.மீ.

எல்லாம் நேற்று பூங்காவில் பார்த்ததன் விளைவு. தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கொடி விறுவிறுவென்று ஏறியிருந்தது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம், ஓரமெல்லாம் கிழித்துவிட்ட மாதிரி. என்ன செடி என்று தோட்டக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். "உங்க வீட்டுல பாட்டில்ல இருக்குமே, அதாம்மா இது!"

தொங்கவிட்டால் சுருங்கும், பிடித்து ஏற ஏதாவது கிடைத்தால் பெருக்கும். இத்தனை வருஷம் தொங்கவிட்டே வைத்திருக்கிறேன்.

ஐந்து துண்டு வெட்டினேன். கணுவில் பழுப்பு நிறத்தில் குட்டி முளை துருத்திக்கொண்டிருக்கும், அதுதான் வேர். அதற்கு அரை அங்குலம் கீழே வெட்ட வேண்டும். கணு இல்லாத வெறும் இலையை நட்டால் கொடி வராது (போன வருஷம் என் மகன் வரிசையாக ஏழு இலை நட்டுக் காத்திருந்தான்). வெட்டின கை இன்னும் நமநமவென்கிறது. சேனை, சேம்பு வகையறா ஆச்சே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான்.

அத்தைக்குத் திருப்தியில்லை. "நம்ம வீட்டுக் கொடியையே வெட்டி நட்டா என்ன பிரயோஜனம்? திருடி வச்சாத்தான் பணம் வரும்."

ஜூன் 15, ஞாயிறு

செம்மண் ஒரு பங்கு, அலசின தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. நாலடி பிவிசி குழாயில் தேங்காய் நாரைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கித் தொட்டி நடுவில் நட்டாயிற்று. ஒரு மாச நார் சேர்த்து வைத்ததை அத்தை பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொண்டு போனது தனிக் கதை.

ஜூலை 5, சனி

இரண்டு துண்டு போச்சு. இலை மஞ்சளாகவும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் கருத்து, கொழகொழவென்று, சாக்கடை நாற்றம். மண்ணில் காற்றே இல்லாமல் அடித்துவிட்டேன். இனி ஆள்காட்டி விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். கம்பத்துக்கு மட்டும் தினமும் தெளிப்பு. நார் ஈரமாக இருந்தால்தான் காற்றுவேர் அதைப் பற்றும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காம்பு இடுக்கில் பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட காது பட்ஸால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சாயங்காலம் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு தண்ணீர். ஏசி ஒழுகுகிறது என்று மகன் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தான். ராத்திரியில் வேர் உறிஞ்சின மிச்சத்தைச் செடியே இப்படி வெளியே தள்ளுகிறது.

இது பூக்குமா என்று அத்தை கேட்டார். படித்துப் பார்த்தேன். பசிபிக்கில் மூரியா தீவுதான் இதற்குச் சொந்த ஊர். பூக்கத் தேவையான ஜிப்ரலின் ஹார்மோனை உருவாக்க உதவும் மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். தானாகப் பூத்ததாகக் கடைசிப் பதிவு 1964. பூவும் இல்லை, விதையும் இல்லை. அப்படியென்றால் ஊரிலுள்ள மணி பிளான்ட் எல்லாமே யாரோ யாரிடமிருந்தோ கிள்ளினதுதானே என்றேன். அத்தை முகத்தில் அப்படியொரு வெற்றி. நம் ஹார்லிக்ஸ் பாட்டில் கொடி எதிர்வீட்டு மாமியின் ஜன்னலிலிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

பாதிக் கம்பம் ஏறிவிட்டது. புது இலை 14 செ.மீ. காற்றுவேர் நாருக்குள் புகுந்துவிட்டதால் கட்டியிருந்த நூலை அவிழ்த்தேன், கொடி அசையவில்லை. ஓரம் கிழிய இன்னும் எத்தனை அடி ஏற வேண்டுமோ.

அக்டோபர் 12, ஞாயிறு

கொடியின் நுனியைக் காணோம். கத்தரித்ததுபோல் சுத்தமாக, இரண்டு கணுவோடு போயிருக்கிறது. தொட்டி இருப்பது மாடிப்படி ஓரம், யாரும் கை நீட்டலாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தைக்கோ ஒரே சந்தோஷம். "எடுத்துட்டுப் போனவங்க வீட்டுல நல்லா வரும், பாரு." வெட்டுக்குக் கீழ்க் கணுவைத் தடவினேன். பச்சையாய் ஒரு முனை, அரிசி அளவு.