திலாப்பியாத் தீனிக்குச் செலினியம்: 20 கிலோவுக்கு 2 கிராம் செலினியம் ஈஸ்ட்

கச்சான் காற்றுக் காலத்தில் தொட்டித் தண்ணீர் சூடேறி, விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும்போதுதான் பலருக்கு எதிர்ப்புச் சக்தி பற்றிய நினைப்பு வருகிறது. அந்த நேரத்தில், எதிர்ப்புச் சக்திக்கு உதவும் கனிமமான செலினியத்தைப் போட்டுப் பயனில்லை. மேலே வந்த மீனுக்கு வேண்டியது காற்று மோட்டார். செலினியம் உடலில் சேர்ந்து வேலை செய்ய வாரக்கணக்கில் எடுக்கும். கச்சானுக்கோ மாரிக்கோ ஆறு வாரம் முந்தியே அது தீனியில் இருக்க வேண்டும்.

மீனின் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கி, ஹைட்ரஜன் பெராக்சைட் போன்றவற்றை உண்டாக்கிக் கொல்கின்றன. மிஞ்சும் பெராக்சைட் அந்த அணுவையே அரிக்கும். அதைத் தண்ணீராக மாற்றுவது குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி. அந்த நொதிக்குள் இருப்பது செலினியம். அது குறைந்தால் சண்டை பிடிக்கிற அணுக்களே முதலில் சேதப்படும். விட்டமின் ஈ இதன் கூட்டாளி. ஒன்று குறைந்தால் மற்றதன் சுமை கூடும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் வளர்ச்சி நின்று, தசை வெளிறி மெலியும்.

இனி, யாருக்கு இது தேவை? உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களில் குஞ்சு விட்டுப் பிடிப்பவர்களுக்குத் தேவையே இல்லை. அந்த மீன் இயற்கை இரையில் வளர்கிறது. கம்பனித் தீனி போடுபவர்களும் விட்டுவிடலாம், அதில் கனிமக் கலவை ஏற்கனவே உண்டு. தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, சோயா, கொஞ்சம் மீன் தூள் என்று வீட்டில் கலந்து தொட்டியிலோ கூட்டிலோ வளர்ப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. கடல் மீன் தூளில் கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் செலினியம் இருக்கும், ஆனால் அதில் பெரும் பங்கு மீனின் குடலில் உறிஞ்சப்படாமல் போய்விடும். விலை ஏறியதென்று மீன் தூளைக் குறைத்துச் சோயாவைக் கூட்டும்போது அந்தக் கொஞ்சமும் குறைகிறது.

கெளிறு வகை மீனுக்கு வளர்ச்சிக்கான தேவை கிலோத் தீனிக்கு 0.25 மில்லிகிராம் அளவு என்று கண்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுத் தீனியில் மொத்தம் 0.5ஐத் தாண்ட விடுவதில்லை. செலினியம் ஏற்றி வளர்த்த ஈஸ்ட் போன்ற சேதன வடிவில் சேர்ப்பது 0.2க்கு மேல் போகக்கூடாது. அந்த 0.2ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். 13 முதல் 15 மில்லிகிராமில் மீன் தீனியை வெறுக்கும், வளர்ச்சி விழும், ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும்.

சோடியம் செலினைட் தூளைத் தனியாக வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதில் கிட்டத்தட்ட 45 வீதம் செலினியம். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கணக்கில் 100 கிலோத் தீனிக்கு வேண்டியது வெறும் 44 மில்லிகிராம் தூள், ஏறத்தாழ பதினைந்து எள்ளின் எடை. கையளவாக ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், விழுந்தால் கிலோவுக்கு 22 மில்லிகிராமைத் தாண்டிவிடும். மனிதருக்கும் அது நஞ்சு.

செலினியம் ஈஸ்ட் நல்ல வழி. உடலில் சேர்வதும் கூட, நிறுப்பதும் லேசு. லேபிளில் 2000 பிபிஎம் என்றிருந்தால் ஒரு கிராமில் 2 மில்லிகிராம் செலினியம் உண்டு. 20 கிலோத் தீனிக்கு வேண்டியது 4 மில்லிகிராம், ஆகவே 2 கிராம் ஈஸ்ட். லேபிளில் வேறு எண் இருந்தால் கணக்கும் மாறும். சமையல் தராசு இந்த அளவுக்குச் சரிவராது, 0.01 கிராம் காட்டும் சிறிய நகைத் தராசு வேண்டும். கோழித் தீனிப் பிரீமிக்ஸும் (விட்டமின், கனிமக் கலவை) போடுகிறீர்களானால் முதலில் அதன் லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் செலினியம் இருக்கும். இருந்தால் ஈஸ்ட் வேண்டாம்.

பிழை அதிகம் நடப்பது கலக்கும்போதுதான். 2 கிராமை நேரே 20 கிலோவில் கொட்டினால் ஒரு மூலையில் நஞ்சும் மறு மூலையில் ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் 20 கிராம் அரிசி மாவோடு அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளும் ஈஸ்ட்டும் சேர்த்துக் குலுக்குங்கள். வெள்ளைப் புள்ளியோ மஞ்சள் திட்டோ தெரியாமல் ஒரே நிறமானதும் 200 கிராம் மாவில் சேர்த்து அரிதட்டால் இரண்டு தரம் அரியுங்கள். பிறகு 2 கிலோத் தவிடு, அதன் பின் மிச்சம் முழுவதும். முகக்கவசம் போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். கடைசியாகக் கஞ்சி ஊற்றிப் பிசைந்து, இறைச்சி அரைக்கும் மெஷினில் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். ஆயத்தத் தீனியின் மேல் கரைத்துத் தெளிப்பது வீண். மீன் தின்ன முந்தியே அதில் ஒரு பங்கு தண்ணீரில் போய்விடும்.

இவ்வளவும் செய்து பழைய தவிட்டைப் போட்டால் எல்லாம் பாழ். அம்பாறைப் பக்கம் ஆலைத் தவிடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதிலுள்ள எண்ணெய் சில நாட்களிலேயே கெடத் தொடங்கும். உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்துச் சூடேறத் தேய்த்து மணந்து பாருங்கள். காறல் மணம் வந்தால் அது விட்டமின் ஈயைத் தின்று தீர்த்துவிடும், செலினியத்துக்கும் வேலை இரட்டிக்கும். திலாப்பியாவுக்குக் கிலோத் தீனிக்கு 50 முதல் 100 மில்லிகிராம் விட்டமின் ஈ வேண்டும். புதுத் தவிடு வாங்கி, இரண்டு வாரத்துக்கு மட்டும் கலந்து, காற்றுப் புகாத வாளியில் வையுங்கள்.

முட்டைக்கு வைத்திருக்கும் தாய் மீனுக்குக் கூடுதலாகக் கொடுக்கவே கூடாது. மிஞ்சிய செலினியம் முட்டைக்குள் போகும், குஞ்சு முள்ளெலும்பு வளைந்து பொரிக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரிக்கு 1970களில் நிலக்கரிச் சாம்பலோடு செலினியம் வந்து சேர்ந்தது. அங்கிருந்த 20 மீனினங்களில் 19 அழிந்தன.

கலந்த வாளியில் திகதியையும் போட்ட கிராமையும் எழுதி ஒட்டுங்கள். காலையில் ஒருவர் கலந்தது தெரியாமல் பின்னேரம் இன்னொருவர் மறுபடி போடுவதற்கு இடம் இருக்காது.