குச்சியைக் கிட்டே நடுங்கள்

கிரிக்கெட் பழகும் பத்து வயதுப் பையன் கையைச் சுழற்றிப் போடாமல் பந்தை எறிகிறான் என்றால் முழங்கையைப் பார்க்கும் முன் பிட்ச்சின் நீளத்தை அளக்க வேண்டும். 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர், அந்தத் தோளுக்குத் தாங்காது. எப்படியாவது போய்ச் சேரட்டும் என்று உடம்பைச் சாய்த்து, கையை மடக்கி, பந்தை மேலே தூக்கிவிடுகிறான். குச்சியை, அதாவது ஸ்டம்பை, 16 மீட்டரில் நட்டால் பலருக்குக் கை தானாக நிமிரும். ஆஸ்திரேலியாவில் சிறுவர் ஆட்டத்தின் முதல் கட்டமே அந்த அளவுதான். மிச்சப் பேருக்கு மட்டும் திருத்தம் போதும். 12 வயதில் 18 மீட்டர்.

பாளையங்கோட்டைப் பக்கத்துச் சரளைத் தரையில் பந்து ஒன்று எகிறும், ஒன்று தரையோடு போகும். வற்றிய குளத்துக் கரிசலில் வெடிப்பில் விழுந்து திரும்பும். எதுவானாலும் தேங்காய்நார் மேட் விரிப்பதே நல்லது. தண்ணீர் தெளித்து உருளை போட்டு, மண் இறுகியபின் விரிக்கவும். நான்கு பக்கமும் இழுத்து ஆணியைத் தலை வெளியே தெரியாமல் அடிக்கவும். தொய்வு விட்டால் பந்து மடிப்பில் வழுக்கும். பவுலரின் முன்கால் அந்த விரிப்பின் ஓரத்தில் விழக்கூடாது, கணுக்கால் பிசகும். அந்தக் கால் விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விரிப்பை முடித்துவிடலாம்.

டென்னிஸ் பந்து நெஞ்சுவரை எழும்புவதால் பையன்கள் பேட்டைக் குறுக்கே வீசவே பழகுகிறார்கள். அதற்காக, "சார், இவனுக்கு எப்பம் கார்க் பந்து குடுப்பீய?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு இணங்கிவிடவும் முடியாது. கார்க் கல் மாதிரி. ஒருமுறை விரலில் பட்டால் பேட் பிடிக்கும்போது பின்கால் பந்தை விட்டு லெக் பக்கம் ஒதுங்கும், அந்த ஒதுங்கல் வருஷக்கணக்கில் போகாது. 13 வயதுக்குட்பட்டோருக்கான தோல் பந்து 133 முதல் 144 கிராம். பெரியவர்களுடையது 155.9 முதல் 163 வரை. வித்தியாசம் சிறுசுதான், ஆனால் சின்னக் கைக்குத் தெரியும்.

'வளர்ற பையன்தானே' என்று ஒரு சைஸ் பெரிய பேட் வாங்கித் தருவது இங்கே வழக்கம். கைப்பிடியில் மேலே இருக்கும் கையால் மட்டும் பிடித்துப் பத்து விநாடி நேராக நீட்டச் சொல்லுங்கள். தாழ்ந்தால் கனம் அதிகம். அப்படிப்பட்ட பேட்டில் கீழ்க்கைதான் எல்லாம் செய்யும். நேராக ஆடச் சொல்லித் தொண்டை வற்றுவதே மிச்சம்.

ஆட்டத்துக்கு அணிக்கு 8 பேர், 16 ஓவர். ஜோடிக்கு 4 ஓவர் பேட்டிங், ஆளுக்கு 2 ஓவர் பவுலிங். அவுட்டானால் வெளியேற வேண்டாம், 5 ரன் கழித்தால் போதும். வைடுக்கு 2 ரன் கொடுத்து, மறுபந்து போடாமல் விடுங்கள். இல்லாவிட்டால் ஓர் ஓவர் முடிய வெயில் ஏறிவிடும். ஒரே முனையிலிருந்து பவுலிங் போட்டால் நேரம் இன்னும் மிஞ்சும்.

வேகமாகப் போடுகிறவனுக்கு ஒரு தடவைக்கு 4 ஓவருக்கு மேல் வேண்டாம். நன்றாகப் போடுகிறான் என்பதற்காகவே அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவோம், அங்கேதான் தப்பு நடக்கிறது. இடுப்பும் தோளும் வேறுவேறு பக்கம் திரும்பும் ஆக்‌ஷன் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரே பக்கமாக வலித்தால் அன்றே நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வளரும் முதுகெலும்பில் விரிசல் அப்படித்தான் தொடங்கும். வீட்டில் அதைப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து, மறுநாள் காலை ஆறரைக்கே கொண்டுவந்து விடுவார்கள்.