அரிதாள் வயலில் ஒரு நாள்: ஹாம்ப்ஷயரில் மரப்புறா வேட்டை

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறி பேசிங்ஸ்டோக்கைத் தாண்டினால் நிலம் மாறிவிடும். வீடுகள் விலகி, சுண்ணாம்புப் பாறை மேல் படிந்த மேடுகளும், நடுநடுவே பீச் மரத் தோப்புகளுமாக ஹாம்ப்ஷயர் விரியும். ஆகஸ்ட் நடுவில் போனால் பாதி வயல்கள் அறுத்து முடிந்து, அரிதாள் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு நிற்கும். உழுத இடங்களில் சக்கிமுக்கிக் கற்கள் எலும்புத் துண்டுகள் மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். இந்த ஊர்ப் பக்கம் குடிவந்து ஆறு வருடமாகிறது. இந்த வயல்களைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். நாற்பது வருடமாக மரப்புறா சுடுகிறவர். விவசாயிகள் அவரைக் கூப்பிடுவார்கள், அவர் போய்க் காவல் இருப்பார், காசு வாங்க மாட்டார். போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, "வேடிக்கை பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டார். நான் சுடுவதற்குப் போகவில்லை. ஷாட்கன் என்ற ரவைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள இங்கே காவல்துறை தரும் சான்றிதழ் வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அது அவரிடம் உண்டு, என்னிடம் இல்லை.

அன்று மாலை துப்பாக்கியை வெளியிலேயே எடுக்கவில்லை. ஒரு பைனாகுலரும் ஒரு பிளாஸ்க் தேநீரும்தான். வயல் வாசலில் காரை நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கெங்கோ புறாக்கள் பறக்கின்றன என்பது மட்டும். அவர் கையை நீட்டி வானத்தில் கோடு போட்டுக் காட்டினார். வடக்கே இருக்கும் பீச் தோப்பிலிருந்து புறப்பட்டு, உயிர்வேலியை ஒட்டி வந்து, வேலியில் ஒரு பெரிய ஓக் மரம் நிற்கும் இடத்தில் மட்டும் வயலுக்குள் திரும்புகின்றன. அடுத்த கூட்டமும் அதே மாதிரி. அதற்கடுத்ததும். நம் ஊரில் ஆடு மாடு நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுமே, அப்படி ஆகாயத்தில் ஒரு தடம். சொன்ன பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இறங்குகிற இடமும் ஒன்றுதான். ஜூலையில் அடித்த இடிமழையில் அந்த மூலையில் கோதுமை சாய்ந்துவிட்டது. சாய்ந்த கதிரை அறுப்பு மெஷின் சரியாக அள்ளாது, அதிலும் ஓரத்தில் திரும்பும்போது மணி நிறையச் சிந்தும். இருபது ஏக்கர் வயலில் அந்த அரை ஏக்கர்தான் புறாக்களுக்குச் சோறு.

மரப்புறாவை நம் மாடப்புறா என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் இருக்கும் புறாக்களிலேயே பெரியது இதுதான். அரைக் கிலோ எடை, முக்கால் மீட்டர் இறக்கை விரிப்பு. பறக்கும்போது இரண்டு இறக்கையிலும் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். நாட்டில் ஐம்பது லட்சம் ஜோடிக்கு மேல் கூடு கட்டுகின்றன. ஒருகாலத்தில் குளிர்காலப் பஞ்சமே இவற்றின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்தது. 1970களுக்குப் பிறகு எண்ணெய்க்காக ரேப்சீட் என்ற கடுகு இனப் பயிர் பரவியது. பனிக்காலம் முழுக்கப் பச்சை இலை வயலில் நிற்க ஆரம்பித்ததும் பசியில் சாவது குறைந்துபோனது. மனிதன் போட்ட சாப்பாட்டில் பெருகிய பறவை இது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனோம். விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்று நினைத்து ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்திருந்தேன். அறுப்புக் காலத்தில் புறா அவ்வளவு அவசரப்படாது என்றார். என் நீல ஜாக்கெட்டைக் கழற்றி வைக்கச் சொல்லி, பழைய பச்சைக் கோட்டு ஒன்றும், நெற்றியை மறைக்கும் தொப்பியும், முகத்துக்கு வலையும் கொடுத்தார். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு மனித முகம் விளக்கு மாதிரி தெரியுமாம்.

காற்று தென்மேற்கு. ஓக் மரத்திலிருந்து நாற்பது அடி தள்ளி, வேலியை முதுகுக்கு வைத்து நாலு கம்பு நட்டு, வலை கட்டி, மேலே ஹாதார்ன் என்ற முள்மரத்தின் கிளைகளை ஒடித்துச் செருகினார். காற்று முதுகுப் பக்கமிருந்து, கொஞ்சம் இடப்பக்கமாக வந்தது. புறா எப்போதும் எதிர்க்காற்றில்தான் இறங்கும், ஆகவே அது நம்மைப் பார்த்துக்கொண்டேதான் வரும்.

அப்புறம் புறாப் பொம்மைகள். இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலையெல்லாம் இதில்தான் இருக்கிறது. பன்னிரண்டு பிளாஸ்டிக் ஓடுகள், ஒவ்வொன்றும் ஒரு குச்சி மேல் நின்று காற்றில் லேசாக அசையும். அவற்றை இருபது தப்படி தூரத்தில் குதிரை லாடம் மாதிரி வளைத்து வைத்தார். லாடத்தின் வாய் எங்களுக்கு எதிர்ப்பக்கம். நடுவில் வெற்றிடம். வருகிற புறா அந்த வெற்றிடத்தில் இறங்கத்தான் இடம் பார்க்கும். பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி. நெருக்கி வைத்தால் கிளம்பத் தயாராகும் கூட்டம் மாதிரி தெரியும், பயந்துவிடும். முகம் பொதுவாகக் காற்றை நோக்கி, ஆனால் எல்லாம் ஒரே திசையில் சிப்பாய் மாதிரி நிற்கக் கூடாது, மேய்கிற பறவை அப்படி நிற்காது. லாடத்தின் ஒரு பக்கம் 12 வோல்ட் பேட்டரியில் சுழலும் இரண்டு கை. ஃப்ரீசரில் வைத்திருந்த இரண்டு புறாக்களின் இறக்கையை விரித்து அதில் மாட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு புறா வட்டமடித்து இறங்குவது மாதிரியே இருந்தது. இறக்கையின் வெள்ளைப் பட்டை பளிச் பளிச் என்று மின்னியது.

வைத்து முடித்ததும் எழுபது தப்படி தள்ளி நடந்து போய், குனிந்து, புறா வரும் பக்கத்திலிருந்து பார்த்தார். திரும்பி வந்து இரண்டு பொம்மைகளை அரையடி நகர்த்தினார். அந்த அரையடி எனக்குப் புரியவே இல்லை.

இப்படி ஒரு விலங்கைக் காட்டி இன்னொன்றை அழைப்பதற்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று ஒரு சொல் உண்டு. மானை ஈர்க்கக் கட்டி வைத்த மான் பார்வை மான். எங்கள் ஊரில் கூண்டுக் கவுதாரியைப் புதருக்குள் வைத்துக் கத்தவிட்டு, சுற்றிலும் கண்ணி வைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இன்று அது சட்டப்படி குற்றம், சரியும்கூட. ஆனால் அந்தச் சொல்லின் பொருத்தம் எனக்கு அந்த வலைக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் பட்டது. பறவையின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்து பார்க்கத் தெரியாதவனுக்குத் துப்பாக்கி இருந்தும் பயனில்லை.

முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஓக் மரத்துக்கு மேல் ஒரு புள்ளி. இறக்கையை அடிப்பதை நிறுத்தி, வளைத்து வைத்துக்கொண்டு, சறுக்கி வந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் எழவில்லை. இன்னும் எழவில்லை. கால் இரண்டையும் கீழே நீட்டி அது இறங்கப் போன நொடியில் எழுந்து சுட்டார். வெற்றிடத்தின் நடுவில் விழுந்தது. கறுப்பு லாப்ரடார் டெஸ் அவர் சொல்லும் வரை அசையவில்லை.

அதற்குப் பிறகு இரண்டும் மூன்றுமாக வந்துகொண்டே இருந்தன. முப்பது மீட்டரைத் தாண்டியதை அவர் தொடவே இல்லை. முன்பு ஈய ரவைதான் போடுவாராம், இப்போது எஃகு ரவைக்கு மாறிவிட்டார். எஃகு எடை குறைவு, தூரத்தில் வலு போய்விடும், அதனால் பறவையைக் கிட்டே விட்டே ஆக வேண்டும். ஈய ரவை பட்ட இறைச்சி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்லதல்ல என்று இங்கே உணவுத் தர நிறுவனமே வெகுநாளாகச் சொல்கிறது. 2025 ஜூலையில் ஈய ரவையை விலக்கப் போவதாக அரசும் அறிவித்தது. வயலின் மறுகோடியில் பொது நடைபாதை ஒன்று போகிறது. அதில் யார் தலை தெரிந்தாலும் துப்பாக்கியை மடித்துத் திறந்து தோட்டாவை எடுத்துவிடுவார். ஒரு அம்மா இரண்டு குழந்தைகளோடு நடந்து முடிக்கும் வரை, தலைக்கு மேல் புறா வட்டமடித்தும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒரு பறவை மட்டும் அடிபட்டுச் சாய்ந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டது. அவர் முகம் மாறியது. துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனார். இருபது நிமிடம் தேடினார்கள். அந்த நேரத்தில் நாலு கூட்டம் வந்து பொம்மைகளுக்கு நடுவில் இறங்கி மேய்ந்துவிட்டுப் போனது. முட்புதருக்குள்ளிருந்து டெஸ் அதைக் கவ்விக்கொண்டு வந்ததும், கையில் வாங்கிய அதே கணத்தில் கழுத்தை முறித்தார். அதன் பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

மதியம் ரொட்டி சாப்பிடும்போது மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். சிந்திய மணி யாருக்கும் ஆகாதது, அதைத் தின்பதற்கு ஏன் சுட வேண்டும்? அவர் வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். அடுத்த வயல் இன்னும் அறுக்கவில்லை. அங்கும் கோதுமை திட்டுத் திட்டாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த திட்டு மேல் புறா உட்கார்ந்து தின்பதைவிட மிதித்து உதிர்ப்பது அதிகம். அதற்கு அப்பால் ரேப்சீட் விதைக்க மண்ணைத் தயார் செய்திருந்தார்கள். சட்டமும் அந்த வரைக்கும்தான் அனுமதிக்கிறது. மரப்புறாவுக்கு வேட்டைப் பருவம் என்று தனியாகக் கிடையாது, பயிருக்குப் பெரும் சேதம் வராமல் தடுப்பதற்காக மட்டும் ஜி.எல்.42 என்ற பொது உரிமத்தின் கீழ் சுடலாம். 2019 ஏப்ரலில் வைல்ட் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு வழக்குக்குப் போனதில் பழைய உரிமங்கள் திடீரென்று ரத்தாகி, விவசாயிகள் வாரக்கணக்கில் குழம்பிக் கிடந்தார்கள். பெரியவருக்கு அந்த வழக்கின் மேல் கோபம் இல்லை. "ஏன் சுடுகிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்தானே" என்றார்.

சுட்டுச் சுட்டுப் புறாவைக் குறைத்துவிடலாம் என்று அவர் நம்பவும் இல்லை. ரான் மர்ட்டன் என்ற விஞ்ஞானி கேம்பிரிட்ஜ்ஷயரில் கார்ல்டன் என்ற கிராமத்தில் வருடக்கணக்கில் புறாக்களை எண்ணி, குளிர்காலத்தில் சுடப்பட்டவற்றில் பெரும்பாலானவை எப்படியும் பசியில் சாகவிருந்தவையே என்று காட்டினார். அன்று தோட்டாவுக்கு அரசு கொடுத்துவந்த மானியம் பிறகு நின்றதற்கு அந்த ஆய்வும் காரணம். ஆக, இது நாட்டுப் புறாக்கணக்கைக் குறைக்கும் வேலை அல்ல. இந்த வயலை, இந்த வாரம் காக்கும் வேலை. எங்கள் தாத்தா சோளக் கொல்லையில் பரண் மேல் ஏறித் தகரம் தட்டியதும் இந்தக் கணக்கில்தான். கிளி ஒழிந்துவிடும் என்று அவர் தட்டவில்லை.

மாலை ஐந்து மணிக்கு நாற்பத்துமூன்று புறாக்கள். காரின் பின்கதவைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாக எடுத்தோம். கையில் எடுத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. நெஞ்சு திராட்சைச் சாறு சிந்திய மாதிரி இளஞ்சிவப்பு. கழுத்தில் வெள்ளைத் திட்டு, அதைச் சுற்றிப் பச்சையும் ஊதாவும் திருப்பத் திருப்ப மாறும். வெளிறிய மஞ்சள் கண். தொட்டாலே இறகு உதிர்கிறது, விரலெல்லாம் மாவு மாதிரி வெள்ளைத் தூள். கழுத்துத் திட்டு இல்லாதவை இந்த வருடக் குஞ்சுகள்.

கழுத்துக்குக் கீழே இரைப்பை கல் மாதிரி இறுகியிருந்தது. ஒன்றைக் கீறி என் உள்ளங்கையில் கொட்டினார். ஒரு கைப்பிடி கோதுமை, இன்னும் உடல் சூட்டோடு. இன்னொன்றைக் கீறியபோது கை நின்றது. இரைப்பையின் சுவர் தடித்து, உள்ளே தயிர்க்கட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது. புறாப்பால். ஆணும் பெண்ணும் இரண்டுமே சுரந்து குஞ்சுக்கு ஊட்டுவது. மணி நிறையக் கிடைக்கும் இந்த ஆகஸ்டில்தான் இவை அதிகமாகக் குஞ்சு பொரிக்கின்றன. ஒரு கூட்டில் இரண்டு முட்டை. எங்கோ பீச் தோப்பில் அன்று மாலை இரண்டு வாய்கள் திறந்திருக்கும், ஊட்ட ஒரு வாய் குறைவு.

"இதை மறைத்து எடுத்துப் போய்விடலாம்" என்றார். "ஆனால் பார்க்க வந்தவர் நீங்கள், இதையும் பார்க்க வேண்டும்."

எனக்கு இன்னும் அது சரியாகச் செரிக்கவில்லை. போகாமல் இருந்திருக்கலாம் என்றும் தோன்றவில்லை. ரொட்டியையும் ரேப்சீட் எண்ணெயையும் வாங்கித் தின்கிற என் கணக்கில் அந்தக் கூடும் ஏற்கனவே இருந்தது, இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்.

எனக்கு ஆறு புறா கொடுத்தார். நெஞ்சுக் கறி ஈரல் மாதிரி கருஞ்சிவப்பு, கொழுப்பே இல்லை. இவர்கள் வெண்ணெயில் இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு நிமிடம் போட்டு உள்ளே சிவக்க எடுத்துவிடுவார்கள். நான் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு வறுத்தேன். அதிகம் வேகவிட்டால் தோல் மாதிரி ஆகிவிடும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். மகள் தட்டோரத்தில் ஒரு எஃகு ரவையை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது வயல் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அடுத்த வயலையும் அறுத்துவிட்டிருந்தார்கள். கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் பெரியவருக்குச் செய்தி அனுப்பினேன்: "இப்போது ஓக் மரத்தில் திரும்புவதில்லை. அடுத்த வேலி வரை நேராகப் போய், ரேப்சீட் வயலுக்குப் பக்கத்தில் இறங்குகின்றன."

"காற்று எந்தப் பக்கம்?" என்று பதில் வந்தது.

ஓக் இலைகளைப் பார்த்தேன். "மேற்கு" என்று எழுதினேன்.