வராத ஏணி

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டில், எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய் செல்களுக்கு செல் இறப்பைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரின் மருந்தைக் கொடுத்து, மறுநாள் அவற்றின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டு, புற ஊதா விளக்கின் கீழே ஏணி தெரிகிறதா என்று பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அப்போப்டோசிஸ், அதாவது திட்டமிட்ட செல் இறப்பு, நடந்தேறினால் டிஎன்ஏ ஏறத்தாழ 180 கார இணைகளின் மடங்குகளாக வெட்டுப்பட்டு, ஜெல்லில் படிப்படியாக இறங்கும். எனக்கோ குழியை ஒட்டி அசையாமல் நின்ற ஒரே ஒரு பட்டைதான் கிடைத்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் சுருங்கி, உருண்டு, தட்டைவிட்டுப் பெயர்ந்து மிதந்தன. சாவு நடந்திருக்கிறது, அதன் தடயம் மட்டும் இல்லை. மருந்தை மாற்றினேன், தாங்கல் கரைசலைப் புதிதாகக் கலந்தேன், நான்கு மாதம் போனது.

பக்கத்து ஆய்வகத்து அக்கா ஒருவர்தான், "அந்த செல்லில் காஸ்பேஸ்-3 கிடையாதே, தெரியாதா?" என்று கேட்டார். காஸ்பேஸ்-3 என்னும் நொதிக்கான மரபணுவில் 47 காரங்கள் விடுபட்டிருப்பதால் எம்சிஎஃப்-7 செல்கள் அந்த நொதியை உருவாக்குவதே இல்லை; டிஎன்ஏவை வெட்டும் கத்தியை உறையிலிருந்து உருவிவிடுவது அந்த நொதியின் வேலை. 1998லேயே அச்சாகிவிட்ட செய்தி. படிக்காதது என் பிழை.

இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான் அப்போப்டோசிஸ். 1972இல் கெர், வைலி, கரி ஆகிய மூவரும் எழுதிய கட்டுரைக்காக அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக்கொடுத்த சொல் அது. காயம்பட்ட செல் வீங்கி வெடித்து அக்கம்பக்கத்தில் அழற்சியைக் கிளப்பும். இப்படி உதிரும் செல்லோ தன்னைத் தானே சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ள, அண்டை செல்கள் அவற்றை ஓசையின்றி விழுங்கிவிடும்.

வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது 1988ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றுக்குத்தான். ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயில் 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பிசிஎல்-2 என்னும் மரபணு ஓயாமல் இயங்குகிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. மற்றப் புற்று மரபணுக்களைப்போல இதுவும் செல்லைப் பெருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. மெல்போர்னில் வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தில் மாணவராக இருந்த டேவிட் வாக்ஸ், வளர்ச்சிக் காரணி இல்லாவிட்டால் செத்துப்போகும் இரத்த செல்களில் பிசிஎல்-2ஐப் புகுத்தி, பிறகு அந்தக் காரணியை நிறுத்தினார். செல்கள் பெருகவில்லை, சாகவும் இல்லை. வெறுமனே இருந்தன. புற்றுநோய் என்றால் கட்டுக்கடங்காத பெருக்கம் என்று மட்டும் பாடம் நடத்திவந்தவர்களுக்கு, சாக மறுப்பதும் நோயின் பாதி என்று காட்டியது அந்தத் தட்டு.

இந்த வேறுபாட்டை மறந்துதான், ஏதோ ஓர் இலைச்சாற்றை ஊற்றி எம்டிடி சோதனையில் ஊதா நிறம் குறைந்தவுடன் "புற்றுநோய் செல்களைக் கொல்கிறது" என்று ஆய்வேடுகளில் எழுதுகிறார்கள். அந்த நிறம் காட்டுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. செத்ததா, பெருக்கத்தை நிறுத்திக்கொண்டதா என்பதை அது பிரித்துச் சொல்லாது. என் மாணவர்கள் எந்த செல் வரிசையை எடுத்தாலும், மருந்தைத் தொடுவதற்கு முன்பே காஸ்பேஸ்-3, பிசிஎல்-2, செல் இறப்பைத் தூண்டவல்ல பி53 ஆகிய மூன்று புரதங்களுக்கும் வெஸ்டர்ன் பிளாட் (ஒரு புரதம் செல்லில் இருக்கிறதா என்று காட்டும் சோதனை) போட்டு என்னிடம் காட்டிவிட வேண்டும். எரிச்சல்படுவார்கள், படட்டும்.

பிசிஎல்-2 புரதத்தின் பள்ளத்தில் போய் அமர்ந்து அதைச் செயலிழக்கச் செய்யும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் இரத்தப் புற்றுநோயில் அதை நாளுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் கூட்டி, ஐந்தாம் வாரத்தில்தான் 400ஐ எட்டுகிறார்கள். முழு அளவையும் முதல் நாளே கொடுத்தால், அத்தனை காலம் சாகாமல் தேங்கியிருந்த செல்கள் ஒரே மூச்சில் செத்து, அவை கொட்டும் பொட்டாசியத்தையும் பாஸ்பேட்டையும் யூரிக் அமிலத்தையும் சிறுநீரகத்தால் தாங்க முடியாது.